நடுமலைத் தோட்டத்துக்கு எந்த ஆப்பிள் ரகம்?

தமிழ்நாட்டிலிருந்து இமாச்சலப் பிரதேசத்தின் குலு பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போன ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 1,450 மீட்டர் உயரத்தில் புகுந்த வீட்டாருக்கு 8 பீகா (சுமார் ஒன்றரை ஏக்கர்) ஆப்பிள் தோட்டம் இருக்கிறது. மரங்கள் பெரும்பாலும் பழைய ராயல் டெலிஷியஸ் ரகம். காய்ப்பு ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. வாய்க்கால் தண்ணீர் மே மாதமே நின்றுவிடும். மாமனார் மறுபடியும் ராயலே வைக்கலாம் என்கிறார். கணவர் எம்.9 என்ற வேர்ச்செடியில் (வேருக்காக மட்டும் வளர்த்து, மேலே வேண்டிய ரகத்தை ஒட்டும் அடிக்கன்று) ஒட்டிய காலா ரகம் என்கிறார். நாற்றுப் பண்ணைக்காரரோ அன்னா, எச்.ஆர்.எம்.என்.-99 ஆகிய ரகங்களை வையுங்கள், குளிரே வேண்டாம் என்கிறார். யார் சொல்வது சரி? அதே கன்றுகளில் நாலைந்தைக் கொடைக்கானலில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பலாமா?

மூவரும் மூன்று வெவ்வேறு உயரங்களுக்கான பதிலைச் சொல்கிறார்கள். மாமனார் சொல்வது 2,000 மீட்டருக்கு மேலே சரி. பண்ணைக்காரர் சொல்வது 1,000 மீட்டருக்குக் கீழே சரி. இடைப்பட்ட நடுமலையான உங்கள் உயரத்துக்கு அருகில் வருபவர் கணவர்தான். ஆனால் அவர் சொன்ன ரகம் எனக்குச் சம்மதம், வேர்ச்செடி சம்மதமில்லை. என் பதில்: காலாவைப் பிரதானமாக வையுங்கள், எம்.எம்.111 அல்லது எம்.எம்.106 வேர்ச்செடியில் வையுங்கள், மகரந்தம் தரும் மரங்களை முதல் நாளே சேர்த்து நடுங்கள். எல்லாமே உங்கள் நிலத்தின் குளிர்காலத்தைப் பொறுத்தது என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஆப்பிள் மரம் இலையை உதிர்த்துவிட்டு உறங்கப் போகும். அந்த உறக்கம் முறையாகக் கலைய, குறிப்பிட்ட அளவு குளிர் சேர்ந்தாக வேண்டும். வெப்பநிலை 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே, உறைநிலைக்கு மேலே நிற்கும் மணி நேரங்களைக் கூட்டி இதைக் கணக்கிடுகிறார்கள். ராயலும் அடங்கிய டெலிஷியஸ் குடும்பத்துக்குச் சுமார் 1,000 மணி நேரமும் அதற்கு மேலும் தேவை. காலாவுக்கு 500 முதல் 700 வரை போதும். அன்னாவுக்கு 200 முதல் 300. இந்தக் கூட்டல் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு: குளிர்கால நடுப்பகலில் வெயில் 18, 20 டிகிரிக்கு ஏறினால், இரவில் சேர்ந்த குளிரின் ஒரு பகுதி அழிந்துவிடுகிறது. இரவு நடுங்க வைக்கிறது என்பதை வைத்து மட்டும் ஓர் இடத்தை ஆப்பிளுக்குக் குளிரான இடம் என்று சொல்லிவிட முடியாது.

குளிர் போதாத மரம் எப்படி இருக்கும் என்பதை உங்கள் தோட்டத்திலேயே பார்க்கலாம். ஏப்ரலில் ஒரு பழைய ராயல் மரத்தடியில் நின்று ஒரே ஒரு கிளையை நுனியிலிருந்து அடிவரை பாருங்கள். நுனியில் பூ இருக்கும். நடுவில் ஒரு முழம் அளவுக்கு மொட்டே விரியாமல் வெறும் குச்சியாக நிற்கும். அதே கிளையில் ஓரிடத்தில் பட்டாணி அளவு பிஞ்சு இருக்கும், பக்கத்திலேயே இன்னும் வாய் திறக்காத மொட்டும் இருக்கும். பூப்பு பத்துப் பன்னிரண்டு நாளில் முடியாமல் மூன்று வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். இந்த அறிகுறிகள் எல்லா மரத்திலும் தெரிந்தால் உரத்தையும் கவாத்தையும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த இடத்துக்கு அந்த ரகம் பொருந்தாமல் போய்விட்டது. உங்களுக்குக் கீழே சுமார் 1,100 மீட்டரில் இருக்கும் பூந்தர், பஜௌரா பக்கத்தில் இது முன்பே நடந்துவிட்டது. ஒரு காலத்தில் ஆப்பிள் விளைந்த அந்தத் தோட்டங்களில் இப்போது மாதுளை, பிளம், ஜப்பானிப் பழம் என்று அங்கே அழைக்கப்படும் பெர்சிமன், காய்கறி என்று நிற்கின்றன.

உயரம் ஒரு தொடக்கக் கணக்குத்தான். தெற்கு நோக்கிய சரிவு ஒன்று, அதே உயரத்தில் வடக்கு நோக்கியது இன்னொன்று. இரண்டுக்கும் குளிர்காலம் ஒன்றல்ல. வடக்குச் சரிவில் பனி தங்கும், மண் மெதுவாகச் சூடாகும், பூப்புத் தள்ளிப்போகும். குளிர்காற்று இரவில் சரிவில் இறங்கி அடிவாரக் குழியில் தேங்கும். அங்கே குளிர் நேரம் அதிகம் கிடைக்கும், மார்ச் உறைபனியும் அங்கேதான் பூவைக் கருக்கும். எனவே கன்றுக்குப் பணம் கொடுக்கும் முன் வெப்பநிலையைத் தானே பதிவு செய்யும் சிறு கருவி இரண்டை வாங்கி, ஒன்றை மேல்வரப்பிலும் ஒன்றை அடியிலும் நிழலான கூட்டுக்குள் தொங்கவிடுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அவை பதிவு செய்வதைவிட நம்பகமான ஆலோசனையை நான் உட்பட யாரும் உங்களுக்குத் தர முடியாது.

இனி ரகங்கள். மாமனாரின் பிடிவாதத்துக்கு ஒரு நியாயம் உண்டு. குலுவில் 1870 வாக்கில் கேப்டன் லீ பந்த்ரோலில் தோட்டம் போட்டபோது வந்தவை இங்கிலாந்து ரகங்கள், பல புளிப்பானவை. அமெரிக்காவிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட சாமுவேல் ஸ்டோக்ஸ் 1916இல் சிம்லா மாவட்டத்துத் தானேதாரில் ரெட் டெலிஷியஸ் கன்றுகளை நட்ட பிறகுதான், நம் நாட்டு நாக்கு கேட்கும் இனிப்பும் சிவப்பும் சந்தைக்கு வந்தன. இமாச்சலத்தின் எத்தனையோ குடும்பங்களைப் படிக்க வைத்ததும் வீடு கட்ட வைத்ததும் அந்த டெலிஷியஸ்தான். ஆனால் தானேதார் 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உங்கள் நிலம் அதைவிட 600, 700 மீட்டர் கீழே. அத்துடன் முன்பு டிசம்பரிலேயே இறங்கிய பனி இப்போது பல ஆண்டுகளில் தாமதமாகிறது, குறைகிறது. மாமனார் இளைஞராக இருந்தபோது அந்த நிலம் ராயலுக்குத் தந்த குளிர் இப்போது அங்கே இல்லை.

கூடவே இன்னொரு குறை: ராயலின் சிவப்பு நிறம் ஏற, பழம் முதிரும் நாட்களில் இரவு குளிர வேண்டும். நடுமலையில் ஜூலை, ஆகஸ்டு இரவுகள் வெதுவெதுப்பானவை. பழம் பழுத்தும் பாதிப் பச்சையாக நிற்கும். சந்தையில் ராயலை நிறத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். இதற்குத் தீர்வாகச் சூப்பர் சீஃப், ஸ்கார்லெட் ஸ்பர், ஜெரோமின் போன்ற சீக்கிரமே நிறமேறும் ரகங்களைப் பலர் நடுமலையில் நடுகிறார்கள். நிறப் பிரச்சினையை அவை உண்மையிலேயே பெருமளவு தீர்க்கின்றன. குளிர்த் தேவையை அவை தீர்ப்பதில்லை. அவை எல்லாம் ரெட் டெலிஷியஸ் மரத்தில் தானாகத் தோன்றிய மாற்றுக் கிளைகளிலிருந்து எடுத்துப் பெருக்கியவை. தோல் மாறியிருக்கிறது, மரத்தின் வளர்த்தி மாறியிருக்கிறது, உறக்கத்தின் ஆழம் பெரிதாக மாறவில்லை. உங்கள் தோட்டத்தில் வடக்கு நோக்கிய மேல்வரப்பு ஏதாவது இருந்தால், அங்கே மட்டும் மாமனாருக்காக இரண்டு வரிசை வையுங்கள். அது வெறும் சமாதானத்துக்காக அல்ல. காலாவுக்கு மகரந்தம் தரவும் அவை உதவும்.

காலா நியூசிலாந்தில் கிட்ஸ் ஆரஞ்சு ரெட் என்ற ரகத்தையும் கோல்டன் டெலிஷியஸையும் கலந்து பிறந்தது. நடுமலைக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மூன்று காரணங்கள். குளிர்த் தேவை பாதிதான். கன்று நட்ட மூன்றாவது ஆண்டிலிருந்தே காய்க்கத் தொடங்கும், ஆண்டுதோறும் ஒழுங்காகக் காய்க்கும். மூன்றாவதுதான் பணம் தரும் காரணம்: உங்கள் உயரத்தில் ஜூலைக் கடைசியை ஒட்டி அறுவடைக்கு வந்துவிடும். மேல்மலையிலிருந்தும் காஷ்மீரிலிருந்தும் டெலிஷியஸ் லாரி லாரியாக டெல்லியின் ஆசாத்பூர் மண்டிக்குள் இறங்குவதற்கு முன் உங்கள் பெட்டிகள் விற்றிருக்கும். நடுமலைக்கு இயற்கை கொடுத்திருக்கும் ஒரே சலுகை இந்தச் சில வார முந்தல்தான். அதை விட்டுக்கொடுக்கும் ரகம் எதுவும் அங்கே லாபம் தராது என்பது என் உறுதியான எண்ணம்.

காலாவின் குறைகளையும் சொல்ல வேண்டும். பழம் இயல்பிலேயே சிறியது. கொத்துக்கு ஐந்தாறு பிஞ்சு பிடித்தால் ஒன்றை, அதிகம் போனால் இரண்டை விட்டு மற்றவற்றைக் கிள்ளிவிட வேண்டும். காய்த்த பிஞ்சைக் கிள்ளி எறிய வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் வராது. கிள்ளாத மரத்தில் எலுமிச்சையைவிடச் சற்றே பெரிய பழம்தான் கிடைக்கும், பெட்டிக்கு விலை பாதியாகும். இரண்டாவது குறை, பழம் ஒரே நாளில் முதிராது. இரண்டு மூன்று தடவையாகப் பறிக்க வேண்டும். மூன்றாவது, முதிர்ந்த பிறகு மழை பிடித்துக்கொண்டால் காம்புக் குழியில் வெடிப்பு விழும். உங்கள் அறுவடை பருவமழைக்குள் வருவதால் நாளைக்குப் பறிக்கலாம் என்று தள்ளிப்போட இடமில்லை. காலாவின் பழைய தேர்வான ராயல் காலா நடுமலை வெப்பத்தில் வெளிறிய கோடுகளோடு நிற்கும். காலாவிலேயே அடர்ந்த சிவப்புத் தரும் பிந்தைய தேர்வுகளைக் கேட்டு வாங்குங்கள்.

அன்னாவுக்கும் எச்.ஆர்.எம்.என்.-99க்கும் வருவோம். இரண்டும் மதிப்புமிக்க ரகங்கள். அன்னா இஸ்ரேலில் வெப்பமான சமவெளிக்காக உருவாக்கப்பட்டது. எச்.ஆர்.எம்.என்.-99ஐ பிலாஸ்பூர் மாவட்டத்தின் பனியாலா கிராமத்து விவசாயி ஹரிமன் சர்மா சுமார் 700 மீட்டர் உயரத்தில் தேர்ந்தெடுத்தார்; அந்தப் பணிக்காக 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆப்பிளே வராது என்று எழுதி வைத்திருந்த இடத்தில் ஆப்பிளைக் காட்டியவர் அவர். ஆனால் உங்கள் இடத்தில் இந்த மரங்களுக்கு ஏற்படும் ஆபத்து நேர் எதிரானது. அங்கே குளிர் அவற்றுக்குத் தேவைக்கு மேல் இருக்கிறது. ஜனவரி நடுவிலேயே உறக்கம் தீர்ந்துவிடும். பிப்ரவரியில் நான்கு நாள் நல்ல வெயில் அடித்தால் பூத்துவிடும். அப்போது தேனீயும் வெளியே வராது. மார்ச்சில் உறைபனியோ ஆலங்கட்டியோ வந்தால் அந்த ஆண்டின் காய்ப்பு முழுதும் போயிற்று. தப்பி வரும் அன்னாவும் ஜூனில் பழுத்துச் சீக்கிரம் மாவாகிவிடும். குலுவிலிருந்து டெல்லிவரை பயணப்பட்டுக் கடையில் சில நாள் உட்காரும் தாங்குதிறன் அதற்கு இல்லை. வீட்டுக்கு இரண்டு மரம் வைத்துக்கொள்ளுங்கள், தோட்டமாக வேண்டாம்.

ஃபூஜியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, பண்ணைக்காரர் அடுத்து அதைத்தான் சொல்வார். ருசியில் அதற்கு நிகர் குறைவு. ஆனால் பழம் மரத்தில் நிற்கும் காலம் மிக நீளம். பருவமழை முழுவதும் தொங்கிக்கொண்டு பூஞ்சைக்கும் பறவைக்கும் தீனியாகும். கின்னௌர் போன்ற வறண்ட மேட்டுக்கு அது சரி, ஈரமான நடுமலைக்குச் சரியல்ல. கிரானி ஸ்மித் வேறு கதை. பச்சைப் பழம் என்பதால் நிறக்கவலை இல்லை, குளிர்த் தேவையும் மிதம், மகரந்தமும் தாராளம். பச்சை ஆப்பிளுக்குச் சந்தை சிறியது. அதனால் துணை மரமாக வையுங்கள்.

வேர்ச்செடி விஷயத்தில் கணவரோடு ஏன் உடன்படவில்லை என்று சொல்கிறேன். எம்.9 மரத்தைக் குள்ளமாக்கிச் சீக்கிரம் காய்க்க வைக்கும். 3 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 3,333 கன்று. உங்கள் 8 பீகா சுமார் ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல் என்பதால் 2,100 கன்றுக்கு மேல் வாங்க வேண்டும். அதன் வேர் ஆழம் போகாது, மரம் தானாக நிற்காது. எனவே கம்பி, கம்பம், சொட்டுநீர் மூன்றும் கட்டாயம். மே, ஜூனில் காய் பருக்கும் நேரத்தில் உங்கள் வாய்க்கால் வற்றிவிடுகிறது. அந்த இரண்டு மாதத்துக்குத் தொட்டித் தண்ணீர் சேமிக்க முடியாதவரை எம்.9 உங்களைக் கடனாளியாக்கும். போதாததற்குப் பஞ்சு அசுவினி என்ற சாறுறிஞ்சும் பூச்சி அதன் வேரை எளிதில் பிடிக்கும். எம்.எம். வரிசை வேர்ச்செடிகள் அந்த அசுவினியைத் தாங்குவதற்காகவே இங்கிலாந்தில் உருவாக்கப்பட்டவை. எம்.எம்.111 வறட்சியைத் தாங்கும், சரிவில் நன்றாகப் பிடித்து நிற்கும். உங்கள் மேல்வரப்புகளுக்கு அதுதான். எம்.எம்.106 காலாவை இன்னும் சற்று அடக்கமாக வைத்துச் சீக்கிரம் காய்க்க வைக்கும், ஆனால் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் அதற்குத் தண்டின் அடி அழுகும் கழுத்தழுகல் நோய் வரும். வடிகால் உள்ள இடத்தில் மட்டும் வையுங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் என்றால் 540 கன்று அளவில் முடிந்துவிடும். சூப்பர் சீஃப் போன்ற குட்டைக் கணு ரகங்கள் இயல்பிலேயே மெல்ல வளர்பவை. அவற்றைக் குள்ள வேர்ச்செடியில் ஒட்டினால் மரம் வளராமலே நின்றுவிடும், அவற்றுக்கும் எம்.எம்.111 அல்லது விதை நாற்றே பொருத்தம். எதை நட்டாலும் ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே ஒரு சாண் தெரிய வேண்டும். அது புதைந்தால் மேல் ரகமே வேர் விட்டு, வேர்ச்செடிக்குக் கொடுத்த பணம் வீணாகும்.

அடுத்து மகரந்தச் சேர்க்கை. நடுமலைத் தோட்டங்கள் பெரும்பாலும் தோற்பது இங்கேதான். ஆப்பிள் தன் மகரந்தத்தால் தானே சரியாகக் காய்ப்பதில்லை. வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும். ராயல், வான்ஸ், ஓரிகன் ஸ்பர், சூப்பர் சீஃப், ஜெரோமின் என்று ஐந்து ரகம் வைத்திருக்கிறோம், போதாதா என்று கேட்பார்கள். அவை ஐந்தும் ஒரே ரெட் டெலிஷியஸின் கிளைகள். ஒன்றின் மகரந்தம் மற்றொன்றில் ஏறாது. காலாவின் தேர்வுகளும் அப்படியே: எத்தனை காலா வைத்தாலும் ஒன்றுக்கொன்று உதவாது. கோல்டன் டெலிஷியஸ் காலாவின் பெற்றோர் என்பதால் அதன் மகரந்தத்தில் பாதிதான் காலாவில் பலிக்கும். டெலிஷியஸ் வரிசைக்கு அது முழுதாக உதவும். எனவே காலாவுக்குக் கிரானி ஸ்மித்தையும், ஸ்னோடிரிஃப்ட், மஞ்சூரியன் போன்ற காட்டு ஆப்பிள்களையும் துணையாக வையுங்கள். காட்டு ஆப்பிளுக்குத் தனி இடம்கூட வேண்டாம், வரிசையில் ஆங்காங்கே ஒரு மரத்தின் ஒரு கிளையில் ஒட்டிவிட்டால் போதும். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்காவது மகரந்தம் தருவதாக இருக்கட்டும். பூப்பு நேரத்தில் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுங்கள்.

இப்போதுள்ள தோட்டத்தில் மகரந்தம் போதுகிறதா என்று அறிய எளிய வழி உண்டு. இந்த அறுவடையில் ஒரு பக்கம் சப்பையான பழத்தை எடுத்துக் குறுக்கே வெட்டுங்கள். நடுவில் நட்சத்திரமாக ஐந்து அறைகள், அறைக்கு இரண்டாக விதைகள் இருக்க வேண்டும். சப்பையான பக்கத்து அறை காலியாக இருக்கும், அல்லது உமிபோல் ஒரு பொக்கு விதை கிடக்கும். விதை உருவாகாத பக்கம் சதையும் பருக்கவில்லை. பத்துப் பழம் வெட்டிப் பெரும்பாலானவற்றில் மூன்று நான்கு விதைதான் என்றால், உங்கள் காய்ப்புக் குறைவில் குளிரைப் போலவே மகரந்தத்துக்கும் பங்கு இருக்கிறது.

பழைய மரங்களை ஒரே மூச்சில் வெட்டிவிடாதீர்கள். ஆப்பிள் நின்ற குழியிலேயே ஆப்பிளை நட்டால் கன்று தேங்கிப்போகும். நடுமலையின் சூடான ஈர மண்ணில் வெள்ளை வேரழுகல் பூஞ்சை பழைய வேர்த்துண்டுகளில் காத்துக்கொண்டிருக்கும். தண்டு உறுதியாக உள்ள மரங்களின் தலையை அளவாக வெட்டி, மார்ச் வாக்கில் காலாவை மேல் ஒட்டுப் போடுங்கள். வேர் தயாராக இருப்பதால் இரண்டு மூன்று ஆண்டில் காய் பார்க்கலாம். நோய்ப்பட்ட மரத்தை மட்டும் வேரோடு பிடுங்கி, வேரைச் சலித்து எடுத்து, குழியைக் கோடை முழுதும் வெயிலில் காயவிட்டு, புதுக் கன்றைப் பழைய வரிசைகளுக்கு நடுவில் நடுங்கள். பஜௌராவில் நௌனி தோட்டக்கலைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்ணையும் வேரையும் எடுத்துக்கொண்டு நேரில் போய்க் காட்டுங்கள். இலை முன்கூட்டியே உதிரும் மார்சோனினா நோய்க்கு உங்கள் பகுதி மருந்து அட்டவணையையும் அங்கேயே கேளுங்கள். அது காலாவையும் விட்டுவைக்காது.

அண்ணன் விஷயம். குலுவிலிருந்து கன்று அனுப்பாதீர்கள். சான்ஜோஸ் செதில் பூச்சியும் பஞ்சு அசுவினியும் கன்றோடு பயணம் செய்பவை. அது போக, குலுவுக்குச் சரியான ரகம் கொடைக்கானலுக்குச் சரிப்படாது. கொடைக்கானல் உங்களைவிட உயரம்தான், 2,000 மீட்டருக்கு மேல். ஆனால் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே நீண்ட குளிர்காலம் இல்லை. ஜனவரி இரவு உறைபனி விழுந்தாலும் பகல் இதமாக ஏறிவிடுகிறது. காலாவுக்கே அது போதாது. பண்ணைக்காரர் உங்களுக்குச் சொன்ன அன்னா உண்மையில் உங்கள் அண்ணனுக்குத்தான் பொருத்தம். கூடவே டார்செட் கோல்டன் ரக மரம் ஒன்று நட வேண்டும், அன்னாவோடு சேர்ந்து பூத்து மகரந்தம் தருவது அதுதான். கொடைக்கானல் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் கே.கே.எல். 1 என்ற ஆப்பிள் ரகம் அந்த மலைக்கென்றே தேர்ந்தது. முதலில் அதை விசாரிக்கட்டும்.

மரம் அங்கே இலையை முழுதாக உதிர்க்காமல் பச்சையாகவே நின்றால், இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் பாட்டு (Batu) என்ற மலை ஊரின் விவசாயிகள் செய்வதை முயன்று பார்க்கலாம். குளிர்காலமே இல்லாத அந்த ஊரில் அறுவடை முடிந்ததும் இலைகளைக் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போகும் முன்பே விழித்துப் பூக்கிறது. நாலைந்து மரத்துக்கு இது ஒரு காலை வேலைதான். வருமானத்துக்கான தோட்டம் என்று அண்ணன் நினைத்தால் மட்டும், ஆப்பிளை விட்டுவிட்டு அந்த மலையில் நன்றாக வரும் பேரிக்காயும் பிளம்ஸும் வைக்கச் சொல்லுங்கள்.